ரெவிட், ஸ்கெட்ச்அப் மெதுவாக ஓடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்க்கிடெக்சர் மாணவர்களும், சின்ன அலுவலகங்களில் மாடலிங் செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் கட்டடங்களை 3டி மாடலாக உருவாக்கும் ரெவிட், ஸ்கெட்ச்அப் என்ற மென்பொருள்கள் பற்றித்தான் பேச்சு. அதே வகையைச் சேர்ந்த ஆர்க்கிகேட் பயன்படுத்துபவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். கேட்பவர்களில் நிறைய பேர் புது மெஷினுக்குப் பணம் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் செலவு உண்மையிலேயே தேவைதானா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

மாடல் திணறுகிறது. குறை மெஷினிலா, ஃபைலிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ரெவிட்டோடு சில மாதிரி புராஜெக்டுகள் வருகின்றன. அதில் ஒன்றைத் திறந்து அரை மணி நேரம் வேலை செய்து பாருங்கள். சுவரை நகர்த்துங்கள், 3டி வியூவைச் சுற்றுங்கள், ஒரு செக்‌ஷன் வெட்டுங்கள். அது சுலபமாக ஓடி, உங்கள் ஃபைல் மட்டும் திணறினால் சந்தேகம் ஃபைல் மேல்தான். மாதிரியே இழுக்கிறது என்றால் மெஷினைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், எந்த நேரத்தில் திணறுகிறது என்று கவனியுங்கள். திறக்கவும் சேமிக்கவும் நேரமானால் டிஸ்க் அல்லது நெட்வொர்க். வியூவைச் சுற்றும்போது விட்டுவிட்டு நகர்ந்தால் கிராபிக்ஸ் பக்கம். ஒரு கட்டளை கொடுத்துவிட்டு மவுஸ் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் பிராசஸர். பிரவுசர், பிடிஎஃப், ஆட்டோகேட் எல்லாம் சேர்ந்து திறந்திருக்கும்போது மெஷின் மொத்தமும் உறைந்தால் ரேம். இந்தப் பிரிவினை எப்போதும் இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனாலும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரிந்துவிடும்.

ரெவிட் உறைந்து நிற்கிறது, ஆனால் டாஸ்க் மேனேஜரில் சிபியு (பிராசஸர்) 12 சதவீதம்தான் காட்டுகிறது. மெஷின் சும்மாதானே இருக்கிறது?

சும்மா இல்லை. அந்த 12 சதவீதம்தான் உங்கள் பிரச்சினைக்கான விடையே. உங்கள் பிராசஸரில் 8 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் வேலை ஓடும் 8 தடங்கள், இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒன்று மட்டும் முழு மூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் 100-ஐ 8-ஆல் வகுத்த 12.5 சதவீதம்தான் வரும். 16 த்ரெட் இருந்தால் 6 சதவீதம். ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓட, மற்றவை காத்திருக்கின்றன. விண்டோஸ் அந்த ஒரு வேலையைக் கோர் (பிராசஸருக்குள் கணக்குப் போடும் தனித்தனிப் பகுதி) விட்டுக் கோர் மாற்றிக்கொண்டே இருப்பதால், தனித்தனி வரைபடத்தில் பார்த்தால்கூட எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஓடுவது போலத்தான் தெரியும்.

ஏன் வேலையைப் பிரித்துக் கொடுக்க முடியவில்லை? ரெவிட் மாடலில் எல்லாம் ஒன்றோடு ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. ஒரு சுவரை 300 மில்லிமீட்டர் தள்ளினால் அதிலுள்ள கதவு நகர வேண்டும். அடுத்த சுவரோடு சேரும் மூலை மாற வேண்டும். அறையின் பரப்பளவு மாற வேண்டும், அந்தப் பரப்பளவைக் காட்டும் ஷெட்யூலும் (அட்டவணை) மாற வேண்டும். முதல் விடை தெரியாமல் இரண்டாவது கணக்கைத் தொடங்க முடியாது. அதனால்தான் இத்தகைய வேலைகள் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. ரெவிட்டில் ரெண்டரிங் (மாடலை நிஜம் போன்ற படமாக்குவது) போன்ற சில வேலைகள் பல கோர்களைப் பயன்படுத்தும் என்பது உண்மை. நாள் முழுக்க நாம் செய்யும் எடிட்டிங்கில் பெரும்பகுதி அப்படி இல்லை. ஸ்கெட்ச்அப்பில் மாடலிங் செய்வதும் ஒரே கோரை நம்பித்தான் நடக்கிறது.

அப்படியானால் எந்த பிராசஸர் வாங்கலாம்?

ஒவ்வொரு தனிக் கோரின் வேகமும் அதிகமாக இருக்கும் பிராசஸரை வாங்குங்கள். கடைக்காரர் முதலில் சொல்வது கோர் எண்ணிக்கையாகத்தான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது, தலைமுறை எது, டர்போ வேகம் (தேவைப்படும்போது எட்டும் உச்ச வேகம்) எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பது. புதிய தலைமுறையின் 6 அல்லது 8 கோர் பிராசஸர், பழைய தலைமுறையின் 16 கோர் பிராசஸரை மாடலிங்கில் எளிதாக முந்திவிடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய ஜியான் பிராசஸர் போட்ட ஒர்க்ஸ்டேஷன்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. பெட்டி கம்பீரமாக இருக்கும், கோர்கள் நிறைய இருக்கும், ஆனால் ஒவ்வொரு கோரும் மெதுவானது. வி-ரே, கொரோனா போன்ற ரெண்டர் மென்பொருள்களில் சிபியுவை வைத்து ரெண்டர் மட்டும் எடுக்க அது உதவலாம், ஏனென்றால் அந்த வேலை எல்லாக் கோர்களுக்கும் பிரிந்து போகும். ரெவிட்டில் உட்கார்ந்து வேலை செய்ய அதை வாங்காதீர்கள். லேப்டாப் என்றால் இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். யூ என்று முடிவது மின்சாரத்தை மிச்சப்படுத்தச் செய்தது. மாடலிங்குக்கு ஹெச் அல்லது ஹெச்எக்ஸ் என்று முடிவதே ஏற்றது.

ரேம் எவ்வளவு வேண்டும்?

ரெவிட்டுக்கு ஆட்டோடெஸ்க் கொடுக்கும் வழிகாட்டல் இது: 16 ஜிபி இருந்தால் சுமார் 300 எம்பி அளவுள்ள ஒரு மாடல், 32 ஜிபி இருந்தால் சுமார் 700 எம்பி வரை. ஃபைலின் அளவைப் போல ஏறத்தாழ 20 மடங்கு ரேம் என்ற பழைய கணக்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஸ்ட்ரக்சர், எம்இபி (மின்சாரம், குழாய், ஏசி) மாடல்களை லிங்க் செய்திருந்தால், அதாவது வெளி ஃபைலாக இணைத்திருந்தால், அவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இன்று மாடலிங் மெஷின் வாங்கினால் 32 ஜிபி போடுவது நியாயமான செலவு என்பது என் கருத்து. ஆனால் தேவைக்கு மேல் போட்டால் வேகம் கூடாது. வேலை உச்சத்தில் இருக்கும்போது டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பாருங்கள். 60 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் இன்னொரு ரேம் குச்சி வாங்கி ஒரு பயனும் இல்லை. 90-ஐத் தாண்டி, கூடவே டிஸ்க்கும் ஓயாமல் ஓடுகிறது என்றால் ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கைக் கடன் வாங்குகிறது. அப்போது ரேம் கூட்டினால் மாற்றம் உடனே தெரியும்.

இன்னொன்று, ஒரே 16 ஜிபி குச்சியைவிட இரண்டு 8 ஜிபி குச்சிகள் நல்லது. இரண்டு சேனலிலும் தகவல் போகும். லேப்டாப் வாங்குவதற்கு முன் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டதா, காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். சால்டர் செய்ததை அப்புறம் கூட்டவே முடியாது.

விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு போட்டால் ரெவிட் பறக்குமா?

பறக்காது. திரையில் காட்டுவதுதான் கார்டின் வேலை. சுவர் மூலை எப்படிச் சேர வேண்டும் என்று கணக்குப் போடுவது பிராசஸர். ரெவிட், ஸ்கெட்ச்அப் மட்டும் என்றால் நடுத்தரமான கார்டு ஒன்று போதும்.

லூமியன், என்ஸ்கேப், ட்வின்மோஷன், டி5 போன்ற ரெண்டர் மென்பொருள்களில் வேலை செய்வீர்கள் என்றால் கதை தலைகீழ். அங்கே கார்டுதான் எல்லாமே, அதிலும் கார்டின் சொந்த மெமரி. மரங்கள், புல், கார்கள், டெக்ஸ்சர்கள் எல்லாம் அந்த மெமரிக்குள் உட்கார வேண்டும். இடம் போதவில்லை என்றால் வேகம் அப்படியே சரியும், அல்லது புரோகிராமே மூடிக்கொள்ளும். ஆகவே ஒரே விலையில் இரண்டு கார்டு கிடைத்தால், வேகம் சற்றுக் குறைந்தாலும் மெமரி அதிகமுள்ளதை எடுக்கச் சொல்வேன்.

கேமிங் கார்டா, புரொபஷனல் கார்டா என்றும் கேட்கிறார்கள். புரொபஷனல் கார்டின் விலையில் ஒரு பங்கு, சான்றளிக்கப்பட்ட டிரைவர்களுக்காகக் கொடுப்பது. கட்டட மாடலிங் செய்யும் சின்ன அலுவலகத்துக்கு ஜிஃபோர்ஸ் கார்டும் என்விடியாவின் ஸ்டுடியோ டிரைவரும் போதும்.

லேப்டாப்பில் நல்ல கார்டு இருக்கிறது. ஆனாலும் ஸ்கெட்ச்அப் இழுக்கிறதே?

பெரும்பாலும் அந்தக் கார்டு வேலையே செய்துகொண்டிருக்காது. லேப்டாப்பில் பிராசஸரோடு சேர்ந்த சின்ன கிராபிக்ஸ் ஒன்று, தனிக் கார்டு ஒன்று என இரண்டு உண்டு. மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் சில சமயம் சின்னதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் ஸ்கெட்ச்அப்பைச் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று தேர்ந்தெடுங்கள். சார்ஜரைச் செருகியே வேலை செய்யுங்கள். பேட்டரியில் ஓடும்போது பிராசஸரும் கார்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

டெஸ்க்டாப்பில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. மானிட்டர் கேபிளை கார்டில் செருகாமல், மேலே இருக்கும் மதர்போர்டு போர்ட்டில் செருகியிருப்பார்கள். பின்பக்கம் எட்டிப் பாருங்கள். கேபிளை மாற்றிச் செருகியவுடன் சரியாகிவிடும்.

காலையில் நன்றாக ஓடுகிறது, மதியத்துக்கு மேல் மந்தமாகிவிடுகிறது. ஏன்?

இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது வெப்பம். பிராசஸர் 95, 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில், மெத்தை மேல் வைத்த லேப்டாப்பில் இது தினமும் நடக்கும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமில் வெப்பநிலையையும் கிகாஹெர்ட்ஸ் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று ஏற மற்றது இறங்குவது தெரியும். மேசை மேல் வையுங்கள், பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஃபேன் தூசியை ஆண்டுக்கு இரண்டு முறையாவது சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மூன்று, நான்கு வருடப் பழைய மெஷின் என்றால் தெர்மல் பேஸ்ட் மாற்றுவது சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

இரண்டாவது காரணம், காலையிலிருந்து மூடாமல் திறந்தே இருக்கும் ரெவிட். நீண்ட நேரம் ஓட ஓட அது பிடித்து வைத்திருக்கும் மெமரி கூடிக்கொண்டே போகும். மதிய உணவுக்குப் போகும்போது மூடிவிட்டுப் போங்கள்.

என் ரெவிட் ஃபைல் 600 எம்பி ஆகிவிட்டது. எப்படி இளைக்க வைப்பது?

இந்தப் பதிலைத்தான் மற்ற எதையும்விட நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். மெஷின் மேல் பழி போடும் இடங்களில் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். பிறகு ஃபைலைத் திறக்கும் பெட்டியில் ஆடிட் என்பதை டிக் செய்து திறங்கள். நேரம் எடுக்கும், பொறுங்கள். அடுத்து மேனேஜ் பட்டியலில் பர்ஜ் அன்யூஸ்டு, பயன்படாமல் கிடப்பவற்றை நீக்கும் கட்டளை. ஒரு ஃபேமிலி (கதவு, நாற்காலி போன்ற ஆயத்தப் பொருள்) போனால்தான் அதற்குள் இருந்த மெட்டீரியல் அனாதையாகும் என்பதால், பழைய பதிப்புகளில் ஒரே தடவையில் எல்லாம் போகாது. இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். அலுவலக டெம்பிளேட்டில் வேண்டுமென்றே வைத்திருக்கும் ஃபேமிலிகளும் பட்டியலில் வரும், அவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். கடைசியில் சேவ் ஆஸ் போய், பலர் சேர்ந்து வேலை செய்யும் ஃபைல் என்றால் காம்பாக்ட் ஃபைல் தேர்வோடு, சேமியுங்கள்.

இதெல்லாம் மேலோட்டமான துடைப்பு. ஆழமான அழுக்கு ஆட்டோகேட் ஃபைல்களில் இருந்து வருகிறது. சர்வேயர் கொடுத்த வரைபடத்தை அப்படியே இம்போர்ட் செய்வதும், அதைவிட மோசமாக எக்ஸ்புளோட் செய்வதும் மாடலைக் கெடுத்துவிடும். ஆயிரக்கணக்கான தனிக் கோடுகள் உள்ளே வந்துவிடும். இம்போர்ட் என்று பெயர் தொடங்கும் லைன் பேட்டர்ன்கள் பர்ஜ் செய்தாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். சரியான வழி இது. ஆட்டோகேடில் முதலில் பர்ஜ், ஓவர்கில் (ஒன்றன்மேல் ஒன்று விழுந்த கோடுகளை நீக்குவது) இரண்டையும் ஓட்டுங்கள். ஹேட்ச்களையும் உங்களுக்கு வேண்டாத லேயர்களையும் அழியுங்கள். வரைபடம் ஆரிஜினிலிருந்து (பூஜ்ஜியப் புள்ளி) வெகுதூரம் தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், சர்வே வரைபடங்கள் அநேகமாக அப்படித்தான் இருக்கும். ரெவிட்டில் ஆரிஜினிலிருந்து சுமார் 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர், தாண்டிய வடிவங்கள் துல்லியம் இழந்து, கோடுகள் நடுங்குவது போலத் தெரியும். எல்லாம் முடிந்ததும் லிங்க் செய்யுங்கள், தேவையான ஒரு வியூவில் மட்டும் தெரியும்படி. வேலை முடிந்தால் லிங்க்கை ஒரு நொடியில் எடுத்துவிடலாம்.

அடுத்தது ஃபேமிலிகள். தயாரிப்பாளர்களின் தளங்களிலிருந்து இறக்கும் குழாய், நாற்காலி ஃபேமிலிகளில் பலவும் திருகின் மரை வரை வரைந்திருக்கும். 1:100 பிளானில் அது யாருக்கும் தெரியாது. ஆனால் 200 கழிப்பறைகள் இருக்கும் ஹாஸ்டலில் அந்த மரையை 200 இடத்தில் உங்கள் மெஷின் சுமக்கும். ஃபேமிலிகளைத் தனியே சேமித்து அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள், குற்றவாளிகள் மேலே வந்து நிற்பார்கள். எளிமையான வடிவத்தோடு மாற்றுங்கள். இன்-பிளேஸ் ஃபேமிலிகளை (மாடலுக்குள்ளேயே வரைந்தவை) ஓர் இடத்தில் மட்டும் வரும் விசேஷ வடிவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை நகலெடுத்து நகலெடுத்து வைத்தால் ஒவ்வொன்றும் தனி எடையாகச் சேரும்.

வார்னிங்குகளையும் விட்டுவிடாதீர்கள். ரிவ்யூ வார்னிங்ஸில் நூற்றுக்கணக்கில் சேர்ந்திருந்தால், அவற்றைச் சரிபார்க்கும் சுமை ரெவிட்டுக்கு ஓயாமல் இருக்கும். ஒரே இடத்தில் இரண்டு பொருள் அமர்ந்திருப்பவை, ரூம் பிரிக்கும் கோடு சுவர் மேலேயே விழுந்தவை, கோடு இம்மி அளவு சாய்ந்தவை என்ற வரிசையில் தீர்த்துக்கொண்டு வாருங்கள். முதல் வகையைச் சரிசெய்தால் குவான்டிட்டி கணக்கில் வரும் பிழையும் போகும்.

பெரிய புராஜெக்ட் என்றால் ஒர்க்செட், அதாவது மாடலைப் பிரித்து வைத்த பகுதிகள், இருக்கும். திறக்கும்போதே ஸ்பெசிஃபை கொடுத்து உங்களுக்கு வேண்டிய ஒர்க்செட்டை மட்டும் திறங்கள். மூடியவை மெமரியில் ஏறாது. வியூவில் மறைப்பது வேறு, மூடுவது வேறு.

ஸ்கெட்ச்அப் ஃபைல் கனத்துவிட்டால்?

விண்டோ பட்டியலில் மாடல் இன்ஃபோ, அதில் ஸ்டாடிஸ்டிக்ஸ். நெஸ்டெட் காம்பொனென்ட்ஸையும் சேர்த்து எண்ணச் சொல்லி, எட்ஜ் (விளிம்பு), ஃபேஸ் (முகம்) எண்ணிக்கையைப் பாருங்கள். அங்கேயே பர்ஜ் அன்யூஸ்டு இருக்கிறது.

எண்ணிக்கை எங்கே ஏறுகிறது என்று ஒரு கணக்கு. ஸ்கெட்ச்அப்பில் வட்டம் என்பது வழக்கமாக 24 பக்கமுள்ள பலகோணம். அதை உயர்த்தி ஒரு கைப்பிடிக் கம்பி செய்தால் பக்கங்கள் 24, மேல் கீழ் 2, மொத்தம் 26 ஃபேஸ். படிக்கட்டிலும் பால்கனியிலும் 500 கம்பி வைத்தால் 13,000. அதே வட்டத்தை 6 பக்கமாக வரைந்தால் கம்பிக்கு 8, மொத்தம் 4,000. மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வட்டம் வரைந்தவுடன் 6எஸ் என்று டைப் செய்து என்டர் தட்டினால் போதும், எஸ் மட்டும் ஆங்கில எழுத்து. அந்தக் கம்பியை குரூப்பாக இல்லாமல் காம்பொனென்டாகச் செய்யுங்கள். வடிவம் ஒருமுறைதான் சேமிக்கப்படும். எல்லாவற்றையும் திரையில் வரைந்தாக வேண்டும் என்பதால் பக்கங்களைக் குறைப்பதும் கூடவே தேவை.

3டி வேர்ஹவுஸிலிருந்து எடுக்கும் சோபா, கார், மரம் ஆகியவற்றை நேராக மாடலில் இறக்காதீர்கள். தனி ஃபைலில் திறந்து எண்ணிக்கை பார்த்துவிட்டு, தேறினால் மட்டும் கொண்டுவாருங்கள். சில மரங்களில் ஒவ்வொரு இலையும் தனி ஃபேஸ். டெக்ஸ்சர் படங்களும் அப்படித்தான், தரை ஓட்டுக்கு 4000 பிக்சல் படம் தேவையே இல்லை. வேலை செய்யும்போது நிழலையும் புரொஃபைல்ஸையும் (தடித்த வெளிக்கோடுகள்) அணைத்து வையுங்கள். மரங்கள், பர்னிச்சர் எல்லாம் மறைந்த ஒரு சீனை வேலைக்கென்றே உருவாக்கிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

எஸ்எஸ்டி போட்டால் வேகம் கூடுமா?

இன்னும் ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் ஓடுகிறது என்றால், வேறு எதையும் யோசிக்காமல் முதலில் இதைச் செய்யுங்கள். திறப்பது, சேமிப்பது எல்லாமே மாறிவிடும். ஏற்கெனவே சாட்டா எஸ்எஸ்டி இருக்கிறது, இன்னும் வேகமான வகையான என்விஎம்இக்கு மாறலாமா என்றால் அவசரமில்லை. மாடலிங்கின் நடுவில் பெரிய வித்தியாசம் தெரியாது. எதுவானாலும் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள்.

பலர் சேர்ந்து வேலை செய்யும் சென்ட்ரல் ஃபைல் சர்வரில் இருந்தால் வைஃபை வேண்டாம், கேபிள் இழுத்துக் கொடுங்கள். அந்த ஃபைலை ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்ற சிங்க் ஆகும் ஃபோல்டரில் வைக்கவே கூடாது. ரெவிட் ஒரு பக்கம் எழுத, சிங்க் இன்னொரு பக்கம் இழுக்க, ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. தினமும் காலையில் புதிய லோக்கல் ஃபைல் (சென்ட்ரல் ஃபைலின் நகல், உங்கள் மெஷினில்) உருவாக்கிக்கொள்வதும் நல்ல பழக்கம்.

ஆன்டிவைரஸை அணைக்கலாமா?

வேண்டாம். புராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் ஸ்கேனிலிருந்து விலக்கு கொடுங்கள். கிராக் செய்த ரெவிட்டை நிறுவுவதற்காக டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும் தளங்களை நம்பி மாணவர்கள் மெஷினை இழக்கிறார்கள், அதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. தகுதியுள்ள மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் ரெவிட்டை இலவசமாகவே தருகிறது. ஆண்டுக்கொருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வேகத்தைக் கூட்டும் பூஸ்டர் புரோகிராம்கள்?

நிறுவாதீர்கள். விண்டோஸ் தொடங்கும்போது கூடவே ஓடத் தொடங்கும் தேவையற்ற புரோகிராம்களை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் நீங்களே நிறுத்தலாம்.

மேக்கில் ரெவிட் ஓடுமா?

ரெவிட்டுக்கு மேக் பதிப்பு கிடையாது. இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸ் போட்டார்கள். 2020 இறுதியில் வரத் தொடங்கிய ஆப்பிள் சிப் மேக்குகளில் பூட் கேம்ப் இல்லை. மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸில் சிலர் ஓட்டுகிறார்கள், ஆனால் ஆட்டோடெஸ்க்கின் ஆதரவு அதற்கு இல்லை. கல்லூரியில் ரெவிட் கட்டாயம் என்றால் மேக் வாங்காதீர்கள். ஆர்க்கிகேட், வெக்டர்ஒர்க்ஸ், ரைனோ, ஸ்கெட்ச்அப் எல்லாவற்றுக்கும் மேக் பதிப்பு உண்டு.

முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். கல்லூரியில் பெரிய லேப்டாப் வாங்கச் சொல்கிறார்கள். வீட்டில் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும்.

முதலாண்டில் கடன் வேண்டாம். உங்கள் சீனியர்களிடம் எந்த செமஸ்டரில் எந்த மென்பொருள் வருகிறது என்று கேளுங்கள். ஆரம்பத்தில் கைவரைதல்தான் அதிகம் இருக்கும், அப்புறம் ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப். இவை 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள சாதாரண மெஷினில் ஓடும். ரெவிட்டும் லூமியனும் உண்மையில் தேவைப்படும்போது வாங்கினால் அதே பணத்துக்கு நல்ல மெஷின் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

உடனே ஒன்று வேண்டும் என்றால் செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்பையும் யோசியுங்கள். அதே விலை லேப்டாப்பைவிட வேகமாக இருக்கும், வெப்பமும் குறைவு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, ஆகவே விண்டோஸ் 11 ஓடும் மெஷினாகப் பாருங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. ரேம் ஸ்லாட் ஒன்று காலியாக இருக்கட்டும், கார்டு பிறகு போட இடமும் பவர் சப்ளையும் இருக்கட்டும். சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான்கு கடை ஏறி இறங்கி, மெஷினை ஓட விட்டு, உங்கள் ஸ்கெட்ச்அப் ஃபைலையே பென்டிரைவில் கொண்டுபோய் அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

எல்லாம் செய்துவிட்டேன். ஒரே ஒரு வியூ மட்டும் இன்னும் இழுக்கிறது.

அந்த வியூவை டூப்ளிகேட் செய்து, நகலில் ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். முதலில் நிழலையும் ஆம்பியன்ட் ஷேடோவையும் அணையுங்கள். ரியலிஸ்டிக்கிலிருந்து ஹிடன் லைனுக்கோ கன்சிஸ்டென்ட் கலர்ஸுக்கோ மாறுங்கள். டீடெய்ல் லெவலை ஃபைனிலிருந்து கோர்ஸுக்கு இறக்குங்கள். செக்‌ஷன் என்றால் ஃபார் கிளிப் (எவ்வளவு தூரம் வரை காட்ட வேண்டும் என்ற எல்லை) இல்லாமல் கட்டடத்தின் மறுகோடி வரை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும், அதைச் சுருக்குங்கள். 3டி என்றால் செக்‌ஷன் பாக்ஸ் போட்டு வேலை நடக்கும் மாடியை மட்டும் வையுங்கள். பிளான்டிங், பர்னிச்சர், லிங்க் செய்த கேட் ஃபைல் மூன்றையும் விசிபிலிட்டி கிராபிக்ஸில் ஒவ்வொன்றாக மறையுங்கள். எதை அணைத்ததும் வேகம் திரும்புகிறதோ, அதை மட்டும் உண்மையான வியூவில் சரிசெய்துவிட்டு நகலை அழித்துவிடுங்கள்.